மணி அடித்தது, யாரும் வரவில்லை: சிராங்கூன் கார்டன்ஸ் வீட்டுத் திருட்டு ஒன்றின் முழு ஆய்வு

என் அத்தை வீட்டில் திருடன் புகுந்த இரவில் அலாரம் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்தி கேள்விப்பட்ட உறவினர்கள் ஒருவர் விடாமல் கேட்டது, "ஏன், அலாரம் போடவில்லையா?" என்பதைத்தான். போட்டிருந்தார்கள். ஊருக்குக் கிளம்பும்போது மறக்காமல் அதை முடுக்கிவிட்டும் போனார்கள். நள்ளிரவு 1.42 மணிக்கு அது அலறத் தொடங்கியது. பத்து நிமிடம் அலறிவிட்டு, அமைத்து வைத்தபடி தானாக அடங்கியது. அந்தப் பத்து நிமிடத்தில் ஏழு நிமிடம் திருடன் வீட்டுக்குள்ளேயே இருந்தான்.

நான் 22 ஆண்டுகளாகக் கட்டடப் பராமரிப்பில் மின்பணி பார்க்கிறேன். புகார் கொடுத்த காலையிலிருந்து, வீட்டை மறுபடி பலப்படுத்தி முடித்த நாள் வரை உடனிருந்தேன். அலாரத்தின் பதிவேட்டை நானே இறக்கிப் படித்தேன். அக்கம்பக்கத்தாரோடு உட்கார்ந்து பேசினேன். வீட்டுக்கு அலாரம் வைக்கலாமா, அதைப் பார்த்துத் திருடன் பயப்படுவானா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அத்தையின் சம்மதத்தோடு இந்த வீட்டில் நடந்ததை முழுவதும் எழுதுகிறேன்.

வீடும் அதன் அலாரமும்

சிங்கப்பூரின் சிராங்கூன் கார்டன்ஸ் வட்டாரத்தில் வரிசையாக நிற்கும் இரண்டு மாடித் தரைவீடுகளில் ஒன்று அது. இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். முன்புறம் கார் நிறுத்தும் இடம், இரும்புக் கதவு, தொட்டியில் துளசியும் கறிவேப்பிலையும். பின்புறம் ஒரு குறுகிய சந்து, வடிகால், இடுப்புயரச் சுவர். பகலில் குப்பை எடுக்க வருபவர்களைத் தவிர அந்தச் சந்தில் யாரும் நடப்பதில்லை. முன்பக்கத்துக்கு நல்ல கதவு, நல்ல பூட்டு, நல்ல விளக்கு எல்லாம் போட்டிருந்தார்கள். பின்பக்கச் சமையலறைக்கு மட்டும், பட்டை பட்டையான கண்ணாடிகளைச் சட்டத்தில் செருகிய அந்தக் காலத்து ஜன்னல். நம் ஊர்ப் பழைய வீடுகளில் வளர்ந்த யாருக்கும் அந்த ஜன்னல் தெரியும். காற்று நன்றாக வரும், மழைச் சாரல் உள்ளே வராது. ஆனால் வெளியிலிருந்தே சட்டத்தின் நுனியை நெம்பினால் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடலாம். உடைக்க வேண்டியதில்லை, சத்தமும் வராது.

அலாரம் 2015-இல் போட்டது. வாசற்கதவு, பின்கதவு, மாடியில் இரண்டு தள்ளுகதவுகள் ஆகிய நான்கிலும் காந்தத் தொடுப்பு. கதவோடு இருக்கும் காந்தம் விலகினால் சுற்று மாறி மணி அடிக்கும். கூடத்திலும் மாடிப்படி முடிவிலும் ஒவ்வொரு அசைவுணர் சென்சார். உடல் வெப்பம் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர் நகர்ந்தால் அது கண்டுகொள்ளும். முன்புறக் கூரையடியில் சைரன். தரைவழித் தொலைபேசி வழியாக மாமாவின் எண்ணையும் என் எண்ணையும் அழைக்கும் ஏற்பாடு. சமையலறை ஜன்னலுக்கு எதுவும் இல்லை. கதவுகளுக்குப் போட்டால் போதும் என்று அன்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம்.

பிறகு வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்தது, தரைவழித் தொலைபேசி தேவையில்லை என்று துண்டித்தார்கள். அலாரப் பெட்டியில் அன்றிலிருந்து ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளியே செல்லும் இணைப்பு இல்லை என்பதை அந்தப் பெட்டி அறிவித்துக்கொண்டே இருந்திருக்கிறது. விளக்கு எரிகிறது என்றால் கருவி உயிரோடு இருக்கிறது என்று அத்தை நினைத்திருந்தார். அந்த வீட்டுக்கு மாதம் இரண்டு முறையாவது சாப்பிடப் போகிற நானும் அதைப் பார்க்கவில்லை. இதை எழுதும்போது இப்போதும் மனம் கனக்கிறது.

அந்த டிசம்பர்

மாமாவின் தம்பிக்குக் காரைக்குடிப் பக்கத்தில் அறுபதாம் கல்யாணம். ஒன்பது நாள் பயணம். அதே சமயத்தில் பணிப்பெண்ணும் விடுப்பில் ஊருக்குப் போனார். மாதத்தில் ஒரு நாள்கூடக் காலியாக இராத வீடு, ஒன்பது நாள் இருட்டில் கிடந்தது. எதிர்வீட்டு மக்சிக்கிடம் (மூத்த மலாய்ப் பெண்களை நாங்கள் இப்படித்தான் அழைப்போம்) செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தார்கள். தண்ணீர்க் குழாய் முன்முற்றத்தில் இருப்பதால் வீட்டுச் சாவி அவருக்குத் தேவைப்படவில்லை.

கிளம்பிய நான்காம் நாள் இரவு அது நடந்தது. ஆறாம் நாள் காலையில் துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த மக்சிக், மாடிப்படி விளக்கு பகலில் எரிவதைப் பார்த்தார். கிளம்பும்போது எல்லா விளக்கையும் அணைத்தது அவருக்குத் தெரியும். உடனே இந்தியாவுக்கு அழைத்தார், அத்தை என்னை அழைத்தார். நான் போய் வெளியிலேயே நின்று காவல்துறையின் அவசர எண் 999-க்குச் சொன்னேன். உள்ளே போகவில்லை. யாரும் போகக்கூடாது. திருடன் இன்னும் உள்ளே இருக்கலாம் என்பது ஒன்று. கைரேகையும் காலடியும் கலையும் என்பது இன்னொன்று. அதிகாரிகள் சில நிமிடங்களில் வந்தார்கள்.

சமையலறை ஜன்னலின் ஆறு கண்ணாடிப் பட்டைகள் சந்தின் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றுகூட உடையவில்லை. மாடியில் அத்தையின் படுக்கையறை அலமாரி முழுவதும் கொட்டிக் கிடந்தது. 3,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ரொக்கம், மாமாவின் கைக்கடிகாரம், பேத்திக்கு வாங்கிய இரண்டு ஜோடி வளையல், என் பாட்டியின் காசுமாலை ஆகியவை போய்விட்டன. பாட்டி அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் கப்பலில் வந்து இறங்கினார். எங்கள் குடும்பத்தில் நடந்த ஒவ்வொரு கல்யாணப் படத்திலும் அது யாராவது ஒருவர் கழுத்தில் இருக்கும். விசாரணை அதிகாரி அதன் மதிப்பைக் கேட்டபோது எடையைச் சொல்லி எழுதிக்கொள்ள வைத்தோம். வேறு எப்படிச் சொல்வது?

ஆனால் அடுத்த அறை தொடப்படவே இல்லை. மேசைமேல் இருந்த மடிக்கணினி அப்படியே இருந்தது. பூசை அறைக் குத்துவிளக்குகள் இருந்தன. ஸ்டோர் அறையில் இருந்த சிறிய இரும்புப் பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி இதற்கு வருகிறேன்.

பதிவேடு சொன்னது

அலாரப் பெட்டி, தான் பார்த்ததையெல்லாம் நேரத்தோடு குறித்து வைக்கும். பெரும்பாலானவர்களுக்கு இது தெரியாது, தெரிந்தவர்களும் படிப்பதில்லை. 1.42-க்குக் கூடத்தில் அசைவு. வாசற்கதவு திறந்து ஒருவர் உள்ளே வந்தால், குறியெண்ணை அழுத்த 30 விநாடி அவகாசம் கிடைக்கும். கதவு திறக்காமல் கூடத்தில் ஆள் நடமாடினால் அவகாசம் கிடையாது, சைரன் உடனே எழும். அதனால் 1.42-லிருந்தே தெரு முழுவதும் சத்தம் கேட்டிருக்க வேண்டும். 1.43-க்கு மாடிப்படி முடிவில் அசைவு. 1.49-க்கு மறுபடி கூடத்தில் அசைவு. பிறகு எதுவும் இல்லை.

சைரன் எழுந்த பிறகுதான் அவன் மாடி ஏறினான்! மின்பணி பார்க்கிறவன் என்ற முறையில் நான் நம்பியிருந்த ஒன்று அந்த வரிகளைப் படித்ததும் சரிந்தது. சத்தம் கேட்டால் திருடன் ஓடுவான் என்றுதான் நான் பலருக்கும் சொல்லியிருக்கிறேன்.

பதிவேட்டை இன்னும் பின்னோக்கிப் புரட்டினேன். அதற்கு முந்தைய 11 மாதங்களில் அலாரம் 23 முறை அடித்திருந்தது. 23-இல் ஒன்றுகூட உண்மையில்லை. பணிப்பெண் விடியற்காலையில் குப்பை கொட்டப் பின்கதவைத் திறந்தது சில முறை. மிச்சமெல்லாம் கூடத்துச் சென்சார், பெரும்பாலும் இரவில். சென்சாரைக் கழற்றிப் பார்த்தபோது அதன் மூடியின் மேல் பல்லி எச்சம். பல்லி சிறியதுதான், ஆனால் சென்சாரின் கண்ணுக்கு ஒட்டிய தூரத்தில் ஓடினால் அதற்கு ஆள் நடப்பதுபோலத் தெரியும். நம் நாட்டு வெப்பம் வேறு ஒரு சிக்கல். பிற்பகலில் அறைச் சுவரின் சூடு உடல் சூட்டை நெருங்கும்போது, ஆளுக்கும் பின்னணிக்கும் வேறுபாடு குறைந்து சென்சார் மந்தமாகிவிடும். அதை ஈடுகட்ட நுண்ணுணர்வைக் கூட்டி வைப்பார்கள். கூட்டி வைத்தால் இரவில் பல்லிக்கும் மின்விசிறியில் ஆடும் திரைக்கும் மணி அடிக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் அந்த இரவு சத்தம் கேட்டு எழுந்திருக்கிறார். முன்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். தெரு வெறிச்சோடி இருந்தது, இரும்புக் கதவு பூட்டியபடி இருந்தது. திரும்பப் படுத்துவிட்டார். மக்சிக்கும் கேட்டிருக்கிறார். "பல்லி மறுபடி ஏறிவிட்டது என்று நினைத்துவிட்டேன்" என்று என்னிடம் மலாயில் சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் மேல் தவறே இல்லை. "பல்லி ஏறினால் அடிக்கும், நீங்கள் கவலைப்படாதீர்கள்" என்று அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்தவர் என் அத்தை. பலமுறை தூக்கத்தைக் கெடுத்ததற்கு வருந்தி, மரியாதைக்காகச் சொன்ன சொல் அது.

திருடர்கள் சொல்வதும் கணக்குகள் சொல்வதும்

அதன் பிறகு, அலாரங்களைப் பற்றி ஆராய்ந்தவர்கள் என்ன கண்டார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முடிவுகள் ஒன்றோடொன்று மோதின. நியூ ஜெர்சி மாநிலத்தின் நெவார்க் நகரில் 2001 முதல் 2005 வரையிலான காவல்துறைப் பதிவுகளை ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வு அலசியது. அலாரம் உள்ள வீடுகளில் திருட்டு குறைவு என்றது. திருடன் அங்கிருந்து நகர்ந்து பக்கத்து வீட்டைப் பிடிப்பதாகவும் தெரியவில்லை என்றது. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஷார்லட் வளாகத்தைச் சேர்ந்த ஜோசப் கூன்ஸ் குழுவினர் மூன்று மாநிலச் சிறைகளில் இருந்த 422 திருடர்களிடம் நேரடியாகக் கேட்டார்கள். சுமார் 83 விழுக்காட்டினர் அலாரம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்ப்போம் என்றார்கள். சுமார் 60 விழுக்காட்டினர் இருந்தால் வேறு வீடு தேடுவோம் என்றார்கள். இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அலாரத் தொழில்துறையின் அறக்கட்டளை. அதை மறைக்கக்கூடாது, அதற்காகவே முழுவதும் தள்ளவும் கூடாது. அதே ஆய்வில் இன்னொரு கேள்வி இருந்தது: வேலையைத் தொடங்கிய பிறகு அலாரம் இருப்பது தெரிந்தால் என்ன செய்வீர்கள்? பாதிப்பேர் விட்டுவிடுவோம் என்றார்கள். சுமார் 13 விழுக்காட்டினர், எப்போதும் தொடர்வோம் என்றார்கள். அத்தை வீட்டு மாடிப்படியில் 1.43-க்கு ஏறியவன் அந்த வகை.

பிரிட்டனில் நிக் டில்லி, ஆண்ட்ரோமாக்கி ட்செலோனி உள்ளிட்டோர் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் குற்றக் கணக்கெடுப்பை வைத்து 2015-இல் வெளியிட்ட ஆய்வுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. வேறு பாதுகாப்பு எதுவுமின்றி அலாரம் மட்டும் வைத்த வீடுகளில், எதுவுமே இல்லாத வீடுகளைவிடத் திருட்டு ஆபத்து கூடுதலாகத் தெரிந்தது. நன்றாகக் காத்த கூட்டணி வேறு: ஜன்னல் பூட்டு, கதவில் ஆழமாக இறங்கும் பூட்டு, நேரம் வைத்து எரியும் உள்விளக்கு, அசைந்தால் எரியும் வெளிவிளக்கு. நான்குமே சத்தம் போடாதவை. ஏன் அப்படி என்று ஆய்வாளர்கள் பல விளக்கங்களை எடைபோட்டார்கள். பெட்டியைச் சுவரில் பார்த்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று தோன்றலாம். அலாரத்தை நம்பி ஜன்னலைப் பூட்டாமல் விடலாம். பொய்மணிக்குப் பழகிய ஊரில் யாரும் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம். அத்தை வீட்டில் இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே நடந்தன.

பொய்மணி என்பது எங்கள் தெருவோடு நிற்கும் தொல்லை இல்லை. அமெரிக்கக் காவல்துறைகளுக்கு வரும் அலார அழைப்புகளில் 94 முதல் 98 விழுக்காடு வரை பொய் என்று அங்குள்ள கணக்குகள் காட்டின. சால்ட் லேக் சிட்டியில் 2000-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: யாராவது நேரில் போய் உறுதிசெய்யாமல், அலாரம் அடித்தது என்பதற்காக மட்டும் காவலர் வரமாட்டார். காவல்துறைக்குப் போன அலார அழைப்புகள் சுமார் பத்தில் ஒன்றாகச் சுருங்கின.

இதைப் படிக்கும்போது அலாரத்தின் தொடக்கக் கதை நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் 1853-இல் அகஸ்டஸ் போப் என்பவர் மின்காந்த அலாரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கதவு திறந்தால் சுற்று இணைந்து மணி அடிக்கும், அவ்வளவுதான். அந்த உரிமையை வாங்கிய எட்வின் ஹோம்ஸ் அதை நியூயார்க்குக்குக் கொண்டுபோய், மணியை வீட்டோடு நிறுத்தாமல், ஆள் விழித்திருக்கும் ஒரு நிலையத்துக்குக் கம்பி இழுத்தார். மணி யார் காதில் விழ வேண்டும் என்பதை அவர் அன்றே யோசித்திருக்கிறார். எங்கள் வீட்டில் துண்டித்துப் போட்டது அந்தக் கம்பியைத்தான்.

அலாரம் எதைக் காப்பாற்றியது

எனக்கும் பெர்த்தில் இருக்கும் அத்தை மகளுக்கும் இதில் கருத்து வேறுபாடு. அவள், "அந்தப் பெட்டியைப் பிடுங்கி எறியுங்கள், பாட்டி மாலையையே காப்பாற்றாத கருவி எதற்கு?" என்றாள். அவள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் தொடப்படாத அடுத்த அறை இருக்கிறது, மடிக்கணினி இருக்கிறது, இரும்புப் பெட்டி இருக்கிறது. யாரும் வராத ஒரு வீட்டில், பின்சந்து வழியாக வந்தவனுக்கு விடியும் வரை நேரம் இருந்தது. அவன் ஏழு நிமிடத்தில் வெளியேறினான். சத்தம் அவனை விரட்டவில்லை, ஆனால் அவசரப்படுத்தியது. நேரம்தான் திருட்டின் மூலதனம். அதை அலாரம் குறைத்தது. இன்னும் குறைத்திருக்கலாம். 1.42-க்கு யாராவது ஒருவர் பின்சந்தில் டார்ச் அடித்திருந்தால் அவன் படி ஏறியிருப்பானா? மாட்டான் என்று நான் நம்புகிறேன், நிரூபிக்க முடியாது.

அவன் ஏன் இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தான் என்பதும் நமக்குத் தெரியப்போவதில்லை. இருட்டில் நான்கு இரவு கிடந்த வீடு, பின்புறம் விளக்கில்லாத சந்து, உருவி எடுக்க வசதியான ஜன்னல். சைரன் பெட்டி முன்புறக் கூரையடியில் மட்டும் இருந்தது. பின்னால் வந்தவன் அதைப் பார்த்தே இருக்கமாட்டான். பார்க்காத ஒன்று எப்படி ஒருவனைத் தடுக்கும்?

மற்ற சிங்கப்பூர் வீடுகளுக்கு

என் வீடு ஈசூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி. அங்கே நான் அலாரம் வைக்கவில்லை, வைக்கவும் போவதில்லை. நுழைய ஒரே வாசல், அதற்கு முன் இரும்புக் கதவு, பொதுத் தாழ்வாரத்தில் நாள் முழுவதும் நடமாட்டம். 2012-லிருந்து காவல்துறை வைக்கத் தொடங்கிய கேமராக்கள் 2016-க்குள் சுமார் 10,000 வீவக புளோக்குகளுக்கும் பலமாடிக் கார் நிறுத்தங்களுக்கும் வந்துவிட்டன. மின்தூக்கியடியிலும் படியடியிலும் அவை இருக்கின்றன. அடுக்குமாடிகளில் நான் பார்த்த ஓட்டைகள் எளியவை. தாழ்வாரத்தை ஒட்டிய ஜன்னலைத் திறந்துவைத்து அதன் அருகிலேயே கைப்பையையும் சாவியையும் வைப்பது, இரும்புக் கதவை நம்பி மரக்கதவை இரவெல்லாம் திறந்து போடுவது, இவைதான். அவற்றுக்கு அலாரம் மருந்தில்லை. கேமரா வேண்டுமென்றால் 2023 மே மாதத்திலிருந்து, வீட்டுக்குள் பொருத்தித் தாழ்வாரத்தைப் பார்க்கும் கேமராவுக்கு வீவகவிடம் முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எதிர்வீட்டுக் கதவையோ ஜன்னலையோ அது பார்க்கக்கூடாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வீவகத் தீக்காப்புறுதி உங்கள் நகைக்கும் பொருளுக்கும் ஈடு தராது. வீட்டுப் பொருள்களுக்குத் தனிக் காப்புறுதி எடுத்தவர்கள், நகைக்கும் ரொக்கத்துக்கும் எவ்வளவு உச்சவரம்பு, வீடு எத்தனை நாள் காலியாக இருக்கலாம் என்ற இரண்டையும் எடுத்துப் படியுங்கள்.

தரைவீட்டுக்காரர்களின் நிலைமை வேறு. 2024 ஜூன் முதல் தேதிக்கும் ஆகஸ்ட் 4-க்கும் இடையில் ரயில் பாதை நடைவழியையும் புக்கிட் தீமா சாலையையும் ஒட்டிய தனியார் குடியிருப்புகளில் பத்து வீடுகள் உடைக்கப்பட்டன. குறுகிய கால அனுமதியில் நாட்டுக்குள் வந்து, சாலையோர மரக்காட்டு வழியாக நடந்து, மதில் ஏறி, ஆளில்லாத வீடுகளில் புகுந்து, சில நாளில் நாட்டைவிட்டுப் போய்விடும் வெளிநாட்டுக் கும்பல்களைக் காவல்துறை அடையாளம் காட்டியது. இத்தகையவர்கள் முன்வாசல் வழியாக வருவதில்லை. வீட்டை உடைத்துத் திருடுவதற்குப் பத்து ஆண்டு வரை சிறை என்ற சட்டம், மறுநாள் விமானம் ஏறிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவனை எவ்வளவு தூரம் தடுக்கும் என்று எனக்குச் சந்தேகம்தான். தரைவீட்டில் இருந்து, ஆண்டுக்கு ஒரு முறையாவது வீட்டைக் காலியாக விட்டுப் போகிறவர் என்றால், அலாரம் வையுங்கள் என்றே சொல்வேன். ஆனால் பட்டியலில் அதைக் கடைசியாக எழுதுங்கள்.

அளவும் மறக்கக்கூடாது. இந்த நாட்டில் வீடு உடைத்துத் திருடுவது அரிதாக நடக்கும் குற்றம். 2024-இல் மட்டும் மோசடிகளில் மக்கள் இழந்த தொகை 110 கோடி வெள்ளியைத் தாண்டியது. கதவுக்குச் செலவழிக்கும் அக்கறையில் ஒரு பங்கை, அத்தையும் மாமாவும் தினமும் கையில் வைத்திருக்கும் கைப்பேசிக்கும் நாங்கள் ஒதுக்கினோம். அது வேறு கதை.

என்ன செய்தோம்

முதலில் சமையலறை ஜன்னல். பட்டைக் கண்ணாடிகளை எடுத்துவிட்டு, பூட்டக்கூடிய தள்ளு ஜன்னலும் உள்பக்கம் இரும்புக் கம்பியும் போட்டோம். 1,150 வெள்ளி ஆனது, மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அதுதான். தீப்பிடித்தால் வெளியேற முடியாதபடி எல்லாப் பக்கமும் கம்பி போட்டுவிடக்கூடாது என்பதால், பின்கதவு உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும்படி ஆழப் பூட்டு மாற்றினோம், 190 வெள்ளி. சந்துப் பக்கம் அசைந்தால் எரியும் விளக்கும், உள்ளே நேரம் மாற்றி மாற்றி எரியும் இரண்டு விளக்குகளுக்கான கருவியும் 140 வெள்ளி. பிறகுதான் அலாரம். கூடத்துச் சென்சாரை மூலையிலிருந்து நகர்த்தி, இடுக்கு இல்லாதபடி மூடி, நுண்ணுணர்வைக் குறைத்தேன். சமையலறை ஜன்னலுக்கும் பின்சுவர்க் கதவுக்கும் தொடுப்பு வைத்தேன், பின்புறம் இன்னொரு சைரன் வைத்தேன், எல்லாம் சேர்த்து 280 வெள்ளி. சிம் அட்டை வழியாக மூன்று பேரை அழைக்கும் கருவி 320 வெள்ளி. ஆகமொத்தம் 2,080 வெள்ளி. மிச்சம் இருந்த நகைகள் வங்கிப் பெட்டகத்துக்குப் போயின. இதை முன்பே செய்திருக்கலாம் என்று மாமா ஒரு நாள்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. நினைக்காமல் இருந்திருக்கமாட்டார்.

காசு செலவாகாத வேலைதான் கடினமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அத்தை கேசரியும் உளுந்து வடையும் செய்து, இரு பக்கத்து வீட்டாரையும் மக்சிக் குடும்பத்தையும் உட்கார வைத்தார். "முன்பு சொன்னதை மறந்துவிடுங்கள். இனிமேல் இது அடித்தால் பல்லி இல்லை" என்றார். யார் முன்பக்கம் பார்ப்பது, யார் சந்துப் பக்கம் விளக்கடிப்பது, யார் 999-க்கு அழைப்பது என்று பேசி வைத்தோம். யாரும் உள்ளே போகக்கூடாது, யாரையும் பிடிக்க முயலக்கூடாது என்பதை நான் இரண்டு முறை சொன்னேன். சாவி மக்சிக்கிடம் இருக்கிறது. மூன்று அழைப்புகளில் முதல் அழைப்பு அவர் மகனுக்குப் போகிறது, நான் மூன்றாவது ஆள். ஈசூனிலிருந்து நான் வந்து சேர 25 நிமிடம் ஆகும் என்பதால் அப்படி வைத்தோம். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிட்டு, சைரனைச் சில விநாடி அடித்துப் பார்க்கிறார் அத்தை.

இதுவரை 14 மாதம் ஆகிறது. மூன்று முறை அடித்திருக்கிறது. ஒன்று அத்தையே குறியெண்ணைத் தவறாக அழுத்தியது. இன்னொன்று மின்கலம் பழுதானது. இந்த 14 மாதத்தில் யாராவது அந்தச் சந்தில் வந்து, விளக்கைப் பார்த்துத் திரும்பிப் போனார்களா என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. நடக்காததை எண்ண முடியாது என்பதுதான் இந்த ஆய்வின் பெரிய குறை.

மூன்றாவது முறை, அத்தையும் மாமாவும் பெர்த்தில் மகள் வீட்டில் இருந்தார்கள். விடியற்காலை 4.50. சுமத்ராக் காற்று வந்து மரங்களையெல்லாம் ஆட்டிக்கொண்டிருந்தது. பின்சுவர்க் கதவின் தாழ்ப்பாள் காற்றில் ஆடி விலகியிருக்கிறது. என் கைப்பேசி மூன்றாவதாக ஒலித்தது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மழை நிற்கவில்லை. மக்சிக்கின் மகன் சந்தின் முனையில் டார்ச்சோடு நின்றுகொண்டிருந்தார். 4.53-லிருந்து அங்கேயே நிற்பதாகச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் தன் மாடி விளக்கு எல்லாவற்றையும் போட்டிருந்தார். மக்சிக் முன்வாசல் இரும்புக் கதவருகே குடை பிடித்தபடி நின்றார். கைப்பேசி கையில் தயாராக இருந்தது, 999 ஏற்கெனவே அழுத்தியிருந்தது, அழைக்கும் பொத்தான்தான் பாக்கி. காற்றுதான், வேறொன்றுமில்லை என்று நான் சொன்ன பிறகும் அவர் உடனே போகவில்லை. பின்கதவு பூட்டியிருக்கிறதா என்று நான் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வரும்வரை அங்கேயே நின்றார்.